இறங்கக் கூடாத கோடு

எங்கள் ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் 'ஏறுமுகம்'. தொட்டிகளின் கொள்ளளவைக் கணக்கிடும் பிரிவில் என் பக்கத்து மேசை. புதிதாக ஒரு தொட்டி வந்தால், அளந்து அளந்து தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் உள்ளே மிதவை எவ்வளவு உயர்ந்தது என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்போம். அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்த ஒரு பல்லுறுப்புக்கோவை எழுதித் தருவது அவள் வேலை. பள்ளிக்கூடத்தில் நம்மையெல்லாம் படாதபாடு படுத்தியதே, அதேதான். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரியும் எண், அந்தச் சூத்திரம் சொல்வது.

அவளுக்கு ஒரே பிடிவாதம். மிதவை ஏறினால் எண்ணும் ஏற வேண்டும். புள்ளிகளிலிருந்து மயிரிழை விலகினாலும் பரவாயில்லை, நடுவில் எங்கும் சூத்திரம் வரையும் கோடு சரியக் கூடாது.

புதிதாக வந்த மேலாளருக்கு இது பிடிக்கவில்லை.

"ஒரு புள்ளியையும் தொடலையேம்மா! என்ன கணக்கு இது?"

"எல்லாத்தையும் தொட வச்சா மேல் முனையில ஒரு பள்ளம் விழுது சார். தொட்டி நிரம்புறப்போ எண் குறையும். அப்புறம் ஒரே தாவலாத் தாவும். பம்பை நிறுத்தக்கூட நேரம் இருக்காது."

"பள்ளமெல்லாம் காகிதத்துலதான். சும்மா பூச்சாண்டி காட்டாதீங்க."

எல்லாப் புள்ளிகளையும் கச்சிதமாகத் தொடும் சூத்திரத்தை அந்த மகாராசனே கணினியில் ஏற்றிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சண்டை போட்டாள், கெஞ்சினாள், ஒன்றும் நடக்கவில்லை.

"கொதிக்கக் கொதிக்க, பட்டா தோலையே அரிச்சிடுற காரக் கரைசல் ஊத்துற தொட்டிடி அது. அங்கதான் என் தம்பி வேலை பாக்குறான்" என்றாள் என்னிடம்.

தம்பியோ சிரித்தான். "உன் கோடு ஏறுதோ இல்லையோக்கா, உனக்கு பிரஷர் ஏறுது."

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. எண் குறைந்தால் கசிவு என்று அர்த்தம். ஒருவர் தொட்டிக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும். உற்பத்தி நிற்கக் கூடாது என்பதால், கசிவைக் கண்ணால் பார்க்கும்வரை பம்பு ஓடிக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்பி வழிந்தால் கரைசல் வெளியேறும் குழாயின் வாயும் அதே அடியில்தான் திறந்திருக்கிறது. இதையெல்லாம் யார் யோசித்து வைத்தார்களோ, நாசமாய்ப் போக!

கரைசலை முதன்முதலாக நிரப்பிய அன்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். பக்கத்தில் இருந்த எனக்கும் குரல் கேட்டது.

"எண் குறையுதுக்கா. கசிவு போல. உங்க தம்பியைத்தான் அடியில அனுப்பியிருக்கோம்."

"கசிவு இல்லப்பா! பம்பை நிறுத்து! அவனை வெளிய வரச் சொல்லு!"

"பதறாதீங்கக்கா. இதோ, ஏற ஆரம்பிச்சிடுச்சு. கடகடன்னு ஏறுது. இனிமே பயமில்ல."

அவள் ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினாள். ஐயோ, நானும் பின்னாலேயே ஓடினேன். நாங்கள் படி இறங்குவதற்குள் அபாயச் சங்கு ஊதிவிட்டது.

தம்பியின் முகத்தை அவளுக்குக் கடைசிவரை காட்டவே இல்லை.