பெரிய டிஷ்ஷா, சின்ன டிஷ்ஷா

1. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு கணவனையும் மனைவியையும் அம்மா எங்கள் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு எடுத்தார். "மேல் ரூம்ல டிவி இருக்குதுங்க" என்று சொல்லித்தான் எடுத்தார்.

2. டிவி இருந்தது. ஆனால் காலையில் படம் கட்டம் கட்டமாக உடையும். பிறகு சிக்னல் இல்லை என்ற வரி மட்டும் நிற்கும்.

3. மெக்கானிக் ஒரு மதியம் வந்தார். படம் பளிச்சென்று ஓடியது. "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்று போய்விட்டார்.

4. மறுநாள் காலை மறுபடியும் போயிற்று.

5. வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனி அவர்களைக் கூப்பிட்டது. அங்கேயும் ரூம், டிவியோடு.

6. ஒடிசா ரத யாத்திரையை டிவியில் காட்டும் நாளுக்கு முந்தைய நாள் காலையில் கணவர் என்னிடம் வந்தார். "மேடம், நாளைக்கு டிவி வரலேன்னா நாங்க வேலம்பாளையம் போறோம்" என்றார். கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நல்லூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் கம்பெனி. அந்த மனைவிதான் எங்களிடம் இருந்த ஒரே பேட்லாக் டெய்லர். பனியனின் கையும் அடியும் அவர் மெஷினில் மடித்துத் தைக்கப்படாமல் ஒரு பீஸும் வெளியே போகாது. புது ஆர்டருக்கு மறுநாள் மதியம் கட்டிங் தொடங்க வேண்டும்.

"போன்ல பாத்துக்க கூடாதா கண்ணு?" என்று அம்மா அந்த மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"போன்ல எப்படிக் கும்பிடறது அக்கா? ஊர்ல எங்கம்மா டிவி முன்னாடி விளக்கு வைக்கும். நானும் வைக்கணும்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "எலக்ட்ரானிக்ஸ் படிக்க வெச்சோமே. ஒரு டிஷ் மாத்த முடியாதா உனக்கு?"

டிஷ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தொண்ணூறு சென்டிமீட்டர் டிஷ்ஷைத் தட்டிக் காட்டினார். "இதைப் போடுங்க அம்மிணி. மழையிலயும் எடுக்கும்."

"ஆனிக் காத்துக்கு நிக்குங்களா?"

"நாலு போல்ட்டு போட்டா நிக்கும். நிக்கலீன்னா துணி காயப்போட்டுக்குங்க."

வாங்காமல் திரும்பினேன். டிஷ் சின்னது என்பதுதான் கோளாறென்றால் நாள் முழுக்கப் படம் உடைய வேண்டும். மதியம் எடுக்கிற டிஷ் காலையில் மட்டும் ஏன் எடுக்கவில்லை? அதற்குள் அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டார். "வாங்கிட்டியா, இல்ல இன்னும் யோசிச்சுட்டே இருக்கறயா?"

மனைவியை டிவியில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். கட்டிங்குக்கு முன் ஒவ்வொரு ரோலிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, துவைத்து, காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. பனியன் துணியைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீண்டுவிடும், அளவு பொய்யாகும். அதனால் இரண்டு கம்பிகளுக்கு மேல் பந்தல் போலப் பரப்பிவிடுவோம். அன்று காலையும் பரப்பியிருந்தேன். அந்தப் பந்தலுக்கு அடியில், தரையில் பதித்த டிஷ் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. துணியிலிருந்து அதன் மேல் தண்ணீர் சொட்டியது.

துணியின் ஓரத்தைத் தூக்கினேன்.

"வந்துச்சு மேடம்" என்று கீழிருந்து குரல்.

விட்டேன்.

"போச்சு."

மறுபடி தூக்கினேன்.

"வந்துச்சு. மேடம், என்ன பண்றீங்க அங்க?"

ஈரத் துணி சிக்னலைக் குடித்துவிடுகிறது, காய்ந்ததும் விட்டுவிடுகிறது. பெரிய டிஷ் வாங்கியிருந்தாலும் அதே பந்தலுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கும். காரணம் தெரிந்தும் நிம்மதி வரவில்லை. மறுநாள் காலை கடைசி ரோலின் துண்டு காய வேண்டும், அதே நேரத்தில்தான் சாமியைத் தேருக்குத் தூக்கி வருவார்கள். கம்பி இருப்பது அந்த இடத்தில் மட்டும்தான். டிஷ்தான் இடம் மாற வேண்டும், துணிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியின் தலைக்கு. அங்கே காற்று முழு வேகத்தில் அடிக்கும். பெரிய டிஷ் அங்கே பாய்மரம் மாதிரி திரும்பிவிடும். பழைய டிஷ்ஷின் கால் துருப்பிடித்திருந்தது. மறுபடி கடைக்குப் போய் அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷும் தடித்த இரும்பு ஸ்டாண்டும் கேட்டேன்.

"சின்னதுக்கா ரெண்டு நடை?" என்று சிரித்தார் கடைக்காரர்.

சாயங்காலம் கணவர் தொட்டி மேல் ஏறி டிஷ்ஷை நூலளவு நூலளவாகத் திருப்பினார். மனைவி கீழிருந்து சிக்னல் எண்ணைக் கத்த, நான் படிக்கட்டில் நின்று மேலே சொன்னேன். எண் ஏறும், காற்று அடிக்கும், இறங்கும். இருட்டுவதற்குள் ஒரு இடத்தில் நின்றது. போல்ட்டை இறுக்கினார்.

காலையில் கடைசித் துண்டைப் பரப்பிவிட்டு மேல் ரூமுக்கு ஓடினேன். அம்மா எனக்கு முன்பே வந்து கதவோரம் நின்றிருந்தார். டிவி முன் விளக்கு எரிந்தது. சாமி தேரில் ஏறும் நேரத்தில் ஒரு பெரிய காற்று வந்தது. படம் உடைந்தது. கணவர் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு படம் சேர்ந்தது. மனைவி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கும்பிட்டார்.

மதியம் அவர் மெஷினில் வந்து உட்கார்ந்தார். கட்டிங்கும் தொடங்கியது.

இன்றைய நிலை இது. இருவரும் மேல் ரூமில்தான் இருக்கிறார்கள். வேலம்பாளையம் கம்பெனி இன்னும் போன் செய்கிறது. பலத்த காற்றில் படம் கொஞ்சம் உடைகிறது. வாரம் ஒருமுறை நான் தொட்டி மேல் ஏறி போல்ட்டை இறுக்குகிறேன்.