மணவறைக்குப் பின்னால் ஒரு கடல்

வசந்தமலர் அக்கா நாற்காலியில் ஏறி நின்று கடலைத் துடைக்கிறார். காய்ந்த வேட்டித் துண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. முதலில் அலைகள், பிறகு புகை, கடைசியில் கொடி. அது முடிந்தால்தான் மண்டபத்துக்கு விளக்கு, எங்களுக்குத் தேநீர்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் அவருடைய கல்யாண மண்டபம் முன்பு ஓய்வுபெற்ற மாலுமிகளின் கிளப்பாக இருந்தது. அவர்கள் விட்டுப்போன ஓவியம் சுவரை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆயிரத்து எழுநூறுகளில் ஆங்கிலேயர் வென்ற ஏதோ ஒரு கடற்சண்டை. சண்டை ஓய்ந்த மாலை. பாய்மரம் முறிந்த கப்பல்கள் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துப் போகிறார்கள். அதற்கு முன்னால்தான் மணவறை. அங்கே கல்யாணப் படம் பிடிப்பவன் நான். மாப்பிள்ளையின் தலைப்பாகைக்கு மேல் பாய்மரம் முளைக்காமல் படம் எடுப்பது என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

"முறிஞ்சதெல்லாம் தோத்தவையின்ரை. எங்கடை கப்பலைப் பாரும் தம்பி, கொடி பறக்குது" என்பார் அக்கா. வெள்ளைக்காரனின் கப்பல் எப்போது எங்கடை ஆனது என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"ஹோலைப் படத்தோடைதானே வாங்கினனான்?" மண்டபம் அவருக்கு எப்போதும் ஹோல்தான்.

அவரிடம் எல்லாப் பேச்சும் இப்படித்தான் முடியும். பிந்தி வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடம், "நோர்த் சேர்க்குலர் ரோட்டு நெரிசலிலை நிக்கிறவைக்காக முகூர்த்தம் நிக்காது" என்பார். சேலைத் தலைப்பைத் தோளில் ஊசி குத்தாமல் வாசலுக்கு வரமாட்டார். அப்படி வருகிற பெண்களையும் விடமாட்டார். "கையை வீசி நடக்கோணும் பிள்ளை. சேலையைப் பிடிச்சுக்கொண்டு திரியிறது என்ன வடிவு?"

போன மாதம் சண்முகராசா வந்தார். அந்த ஞாயிறு மகளுக்குக் கல்யாணம். அவருடைய தமக்கை ஓவியத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒப்பாரி வைத்துவிட்டாராம்.

"மணவறைக்குப் பின்னாலை உடைஞ்ச கப்பலோ? அபசகுனம். கழட்டுங்கோ, இல்லாட்டி வேறை ஹோல் பாக்கிறம்."

"கழட்டமாட்டன் அண்ணை. வேறை ஹோல் கிடைச்சால் பாருங்கோ, நான் கோவிக்கமாட்டன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு லண்டனில் எங்கே மண்டபம் கிடைக்கும்? அந்த மனுசன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தாயில்லாப் பிள்ளை அக்கா. நாளைக்கு ஒண்டெண்டால் என்னைத்தான் சொல்லுவினம்."

அக்கா அவரையே பார்த்தார். "சரி. சிவப்புப் பட்டிலை திரை போடுறன்."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அவர் போன பிறகு, இந்தத் தொல்லையைக் கழற்றி எறிந்தால் என்ன என்று கேட்டேன். அக்கா என்னை ஓவியத்தின் இடது கீழ் மூலைக்குக் கூட்டிப்போனார். கட்டைவிரல் அளவில் ஒரு படகு. அதிலிருந்தவர்கள் குனிந்து, தண்ணீரில் தத்தளிக்கும் ஒருவனைத் தூக்குகிறார்கள்.

"வெண்டவன்தான் தோத்தவனைத் தூக்கிறான், பாரும். ஊரிலை சண்டை நேரம் கடலேரியிலை வள்ளம் கவிண்டு நான் தாழேக்கை, தலைமயிரிலை பிடிச்சுத் தூக்கினதும் மற்றப் பக்கத்துக்காரன்தான். துடைக்கத் துவாய் தந்தான். பேர் கேக்கேல்லை நான்."

சொல்லிவிட்டு, திரைக்கு அளவெடுக்க நாடா கேட்டார்.

ஞாயிறு காலை திரை கடலை முழுதாக மூடியிருந்தது. ஆர்ச்வேயிலிருந்து வந்த ஐயர் மணவறையில் கும்பம் வைத்துக்கொண்டிருந்தார். சண்முகராசா அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். வெளியே மாப்பிள்ளையின் கார் வந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது.

அக்கா வாசலுக்குப் போகவில்லை. திரையின் முன்னே வந்து நின்றார். தோளிலிருந்த ஊசியைக் கழற்றினார். திரையின் இடது கீழ் மூலையை மேலே மடித்து, அந்தச் சின்னப் படகு மட்டும் தெரியும்படி குத்தினார். சண்முகராசா கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு விலகி வழிவிட்டார்.

நழுவிய சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அக்கா மாப்பிள்ளையை வரவேற்க வாசலுக்கு நடந்தார்.