துப்பிய ஒயினின் அளவு

கோவாவில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை, ரெஸ்டாரெண்டுக்குச் சாமான் வாங்கிப் போடுவது என்றுதான் பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். அரிசி, எண்ணெய் என்று நானாக நினைத்துக்கொண்டேன். போர்ச்சுகலிலிருந்து வரும் சிவப்பு ஒயினை ருசி பார்த்து, எது எந்தச் சாப்பாட்டுக்கு ஒத்துவரும், கேட்கிற விலைக்குத் தகுமா என்று சொல்வதுதான் என் கணவரின் வேலை என்பது கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்தே தெரிந்தது.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை விளைந்த எங்கள் நிலத்தைக் குடித்தே தீர்த்தவர் என் அப்பா. அவர் போனபின் அடி அண்ணாமலையில் பூவும் கற்பூரமும் விற்று அம்மா என்னை வளர்த்தாள். குடிக்கிறவனோடு குடித்தனம் செய்வதில்லை என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

கல்யாணத்துக்குப் பின்னும் அம்மா வீட்டிலேயே இருந்த என்னை அழைத்துப்போக அவர் வந்தபோது பெட்டியில் வேட்டி சுற்றிய மூன்று பாட்டில்கள் இருந்தன. மதுவிலக்கு இருந்த காலம். லீவு முடிவதற்குள் மூன்றில் ஒன்றைச் சிபாரிசு செய்து மேனேஜருக்கு எழுத வேண்டுமாம். நான் என் பெட்டியைக் கட்டவில்லை.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குக் கடை விரிக்க அம்மா கிளம்பியதும், காலையிலேயே உட்கார்ந்தார். வெறும் வயிற்றில்தான் நாக்குச் சரியாக இருக்கும் என்றார். அப்பாவும் காலையிலேயே ஆரம்பிப்பவர்தான், காரணம் மட்டும் சொன்னதில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு, இருமல் மருந்துக்கு வாங்கிய அவுன்ஸ் கிளாஸால் ஒவ்வொன்றிலும் இரண்டு அவுன்ஸ் அளந்து டீக் கிளாஸில் ஊற்றினேன். ருசி பார்த்துத் துப்பிவிடுவதுதான் வழக்கம் என்று அவர் சொன்னதால், துப்புவதற்குத் தனித்தனியாக மூன்று சொம்பு வைத்தேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், வாயில் உருட்டித் துப்பினார், நோட்டில் எழுதினார். முதலாவது வாயைச் சுருட்டுகிறது, ஆட்டுக்கறியோடு வைத்தால் அடங்கும். இரண்டாவதில் லேபிள்தான் அழகு, பாதி விலைக்குக்கூட வாங்கக் கூடாது. மூன்றாவது விலையும் கம்மி, ருசியும் நிற்கிறது. அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வாய் கொப்பளிக்க அவர் கிணற்றடிக்குப் போனதும் சொம்புகளை அளந்தேன். முதல் இரண்டிலும் எச்சில் சேர்ந்து கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. மூன்றாவதில் அரை அவுன்ஸ் குறைந்தது. இன்னொரு தடவை அளந்தேன், அதே அளவுதான்.

திரும்பி வந்தவரிடம், "மூணாவதுல கம்மியா இருக்குதுங்க" என்றேன்.

"ஒரு வாய் முழுங்கிட்டேன். சாப்பிட வர்றவன் துப்ப மாட்டான். தொண்டையில எப்படி எறங்குதுன்னு தெரியாம நான் எப்படி வாங்கச் சொல்றது?"

அப்பா வாயெல்லாம் நாற நின்றுகொண்டு, தொடவே இல்லை என்று சத்தியம் செய்வார். கேட்டதும் ஒப்புக்கொண்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன். நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பாட்டில்களில் இருந்த மிச்சத்தையெல்லாம் முருங்கை மரத்தடியில் கொட்டச் சொன்னேன். கொட்டினார். மூன்றாவதைக் கொட்டும்போது மட்டும் முகம் சுருங்கியதையும் கவனித்து வைத்தேன்.

மறுநாள் பெட்டியைக் கட்டினேன். புடவைகளுக்கு நடுவில் அவுன்ஸ் கிளாஸை வைத்ததை அவர் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். தன் பனியன் ஒன்றில் சுற்றித் திரும்பவும் உள்ளே வைத்தார்.

"பஸ் குலுங்கும். ஒடைஞ்சிடும்" என்றார்.

இவ்வளவு நல்லவராக இருக்க இவருக்கு என்ன அவசியம் என்று பஸ் செங்கம் வரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.