பதினாறு நாள் ஊதாத குழல்

"வியாழன். காலை 5.10 முதல் 6.40 வரை சாதகம். பகல் 12.30க்குக் குளிர். 2 மணிக்குக் காய்ச்சல், 101. மாலை 6க்கு விட்டது. வறட்டு இருமல்."

ஒரு சித்திரை மாதத்தில் என் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதியது இது. என் மனைவி புஷ்பராணியின் நோய்க்கு இதுவே முதல் பதிவு. அன்று நோய் என்று நினைத்து எழுதவில்லை. அவள் குழலில் சாதகம் (பயிற்சி) செய்யும் நேரத்தையும் வாசிக்கும் கச்சேரிகளையும் கல்யாணமான நாளிலிருந்து குறித்து வருகிறேன். அந்த வரியோடு காய்ச்சலும் ஏறிக்கொண்டது.

ராணி புல்லாங்குழல் கலைஞர். கோயில் திருவிழா, நடன அரங்கேற்றம், பிள்ளைகளுக்கு வகுப்பு என்று குழலை வைத்தே கண்டியில் வாழ்ந்து வருபவள். "பொம்பளப் புள்ள வாயில வச்சு ஊதுறதா?" என்று கேட்ட உறவினர்கள், பின்னாளில் தங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு அவளைத் தேடி வந்தார்கள். அவர்கள் வந்த நாட்களும் என்னிடம் எழுத்தில் இருக்கின்றன.

முப்பது வருடமாக மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆடுபவர்களுக்காக வாசித்தவள். அந்த வருட நவராத்திரிக்கு ஒரு கோயிலார் அவளைத் தனிக் கச்சேரிக்கு அழைத்தார்கள். நடு மேடை, இரண்டு மணி நேரம். இருமல் தொடங்கியபோது அதற்கு ஐந்து மாதம் இருந்தது.

முதலில் ஆஸ்துமா என்றார்கள். பிறகு நெஞ்சில் கிருமி என்றார்கள். காசநோய்க்காகச் சளியை மூன்று தடவை சோதித்தார்கள். மூன்று தடவையும் இல்லை என்று வந்தது. ஆனாலும் செய்தி வெளியே போய்விட்டது. இரண்டு தாய்மார் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பவில்லை. குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி எங்கள் வீட்டு ஏற்றத்தில் நடக்க, ஆனி மாதத்தில் ராணி மூன்று இடத்தில் மூச்சு வாங்க நின்றாள். ஆடியில் ஐந்து இடம்.

மூச்சளவுப் பரிசோதனைக்கு (ஒரே மூச்சில் எவ்வளவு காற்று, எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று அளப்பது) அனுப்பினார்கள். கருவியின் பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் "ஹய்யென், ஹய்யென்!" (பலமாக, பலமாக) என்று உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார். ராணியால் முடியவில்லை. வெளியே வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"சின்ன வயசிலேருந்து மெதுவா ஊதத்தாங்க படிச்சேன். இந்தம்மா என்னடான்னா ஹய்யென்ங்கிறாங்க."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஆவணியில் மடுல்கெல்லையில் என் அண்ணன் தவறினார். அடக்கத்துக்குப் போய் அன்று மாலையே கண்டி திரும்பினோம். பதினாறாம் நாள் கருமாதி வரை வீட்டில் தீட்டு. ராணி குழலைத் தொடவில்லை. வகுப்பும் இல்லை. ஆறாம் நாள் காய்ச்சல் நின்றது. பத்தாம் நாள் இருமல் குறைந்தது. பதினான்காம் நாள் ஏற்றத்தில் ஒரே ஓர் இடத்தில் நின்றாள். மருந்து இப்போதுதான் பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். பதினேழாம் நாள் காலை குழலை எடுத்தாள். அன்று பகல் ஒரு மணிக்குக் குளிர் வந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை ஒரு நெஞ்சு நோய் நிபுணரிடம் போனோம். யாழ்ப்பாணத்துப் பெண். சி.டி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"வீட்டில புறா, கோழி ஏதும் வளக்கிறியளோ?"

"இல்லீங்க டொக்டர்."

"நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?"

"புல்லாங்குழல் ஊதுறேன்."

"ஓம், அது சரி. வேலை என்ன?"

"அதாங்க வேலை," என்றாள் ராணி. மூச்சு வாங்கியபடி சொன்னாலும் முதுகு நிமிர்ந்திருந்தது.

டொக்டர் படத்தைக் கீழே வைத்தார். நான் குறிப்பேட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாக விரலோட்டிப் படித்தவர் ஆவணியில் நின்றார்.

"இந்தப் பதினாறு நாளும் சாதகம் எண்டு எழுதேல்லையே?"

காரணத்தைச் சொன்னேன். வீடு அதே வீடு, மாத்திரை அதே மாத்திரை. குழல் மட்டும் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்தார். பிறகு, "குழலை எதுக்குள்ள வைக்கிறியள்?" என்றார்.

அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். முந்திய வருடம் சனம் நிறைந்த பஸ்ஸில் ராணியின் நல்ல குழல் ஒன்று நசுங்கி வெடித்துவிட்டது. நகரத்தின் தண்ணீர் வழங்கல் பகுதியில் எழுதுவினைஞராக (குமாஸ்தா) இருந்து ஓய்வு பெற்றவன் நான். குழாய் பற்றி ஏதோ தெரியும் என்ற நினைப்பு. இருமல் தொடங்க மூன்று மாதம் முன், தையில், பி.வி.சி. குழாய் வாங்கி அளவாக வெட்டி, உள்ளே பஞ்சு ஒட்டி, இரு பக்கமும் ரப்பர் வளையத்தோடு மூடி போட்டு ஒரு பெட்டி செய்தேன். கண்டி மழையில் ஒரு சொட்டும் உள்ளே போகாது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். ராணி வாசித்து முடித்ததும், மூச்சின் ஈரம் காயுமுன், குழலை அதில் வைத்து மூடியது பெரும்பாலும் நான்தான்.

"அந்தப் பஞ்சையும் குழலையும் அப்பிடியே கொண்டு வாங்கோ. துடைக்காதேங்கோ," என்றார் டொக்டர்.

குறிப்பேட்டில் அதற்கு முந்திய நாள் பக்கம் இப்படி இருக்கிறது: "செவ்வாய். பெட்டியில் ஈரச் சாக்கு வாடை. பஞ்சில் கறுப்புப் புள்ளிகள். பஞ்சை உரித்துக் குப்பை லொறியில் போட்டேன். குழலை ஸ்பிரிட்டால் துடைத்தேன்."

நோய்க்கு டொக்டர் சொன்ன பெயர் நுரையீரல் ஒவ்வாமை அழற்சி (மூச்சோடு போகும் பூஞ்சணம், பறவைத் தூசு போன்ற நுண்துகளை உடல் பகையாக எடுத்துக்கொண்டு நுரையீரல் வீங்குவது, தொற்றாது). ஆறு மாதம் குழல் கூடாது, ஸ்டீரொய்ட் மாத்திரை (வீக்கத்தைத் தணிப்பது) எடுக்க வேண்டும். நுரையீரலில் தழும்பு விழுந்திருந்தால் பழைய மூச்சு திரும்பாமலும் போகலாம் என்றார். நவராத்திரிக் கச்சேரி அந்த அறையிலேயே முடிந்துபோனது.

நடைகூடத்தில் நான் பேசத் தொடங்குமுன் ராணி பேசினாள்.

"இத்தன வருசம் தண்ணி ஆபீஸ்ல இருந்தீங்க. ஈரம்னா என்னன்னு தெரியலையே உங்களுக்கு."

"ராணி, நான்..."

"விடுங்க. குழல் ஒடையக் கூடாதுன்னு செஞ்சீங்க. ஒடையலதானே? வாங்க, பஸ்ஸப் புடிப்போம்."

ஆறு மாதம் அவள் சும்மா இருக்கவில்லை. மாத்திரையில் முகம் உப்பியது, தூக்கம் குறைந்தது, இரத்தத்தில் சீனி ஏறியது. ஆனாலும் காலை 5.10க்கு எழுந்து உட்கார்ந்து, விளக்குமாற்றுத் தடியில் விரல்களை ஓட்டிக்கொண்டு மெல்லப் பாடினாள். அதைச் சாதகம் என்று எழுதுவதா என்று கேட்டேன். "வேற என்னன்னு எழுதுவீங்க?" என்றாள். எழுதினேன்.

பங்குனியில் புதிய குழல் வாங்கினோம். இப்போது வாசித்து முடித்ததும் உள்ளே துணி ஓட்டி, காற்றுப் படும் அலுமாரியின் மேல் திறந்தபடி வைக்கிறோம். ஒரு நாள் வாசித்த குழலுக்கு மறுநாள் ஓய்வு. என் பெட்டியின் இரு மூடிகளையும் கழற்றி, குழாயைக் கூரைத் தண்ணீர் இறங்கும் இடத்தில் பொருத்தினேன். குழாய் தனக்குரிய வேலைக்குத் திரும்பிவிட்டது.

தழும்பு கொஞ்சம் இருக்கிறது. முன்பு ஒரு மூச்சில் வாசித்த பல்லவி வரிக்கு இப்போது மூன்று மூச்சு வேண்டும். அடுத்த நவராத்திரிக்கு அதே கோயிலார் மீண்டும் அழைத்தபோது ராணி தயங்கினாள். அவளுக்கு எப்போதும் மிருதங்கம் வாசிக்கும் செல்வாதான் தயக்கத்தைத் தீர்த்தான்.

"அக்கா, நீங்க மூச்செடுக்கிற எடத்தச் சொல்லுங்க. அங்க நா மிருதங்கத்துல ரெண்டு சொல்லு போட்டுக்கிறேன். சனம் எனக்குத்தான் கை தட்டும், பாத்துக்கோங்க."

"தட்டுனா சம்பளத்துல பாதிய எனக்குத் தந்துரு."

அந்தக் கச்சேரி ஒரு மணி நேரம் பத்து நிமிடம் நடந்தது. இரண்டாவது வரிசையில் இருந்தேன். அவள் மூச்செடுத்த இடங்கள் அடைத்து மறைத்த இடங்களாக இல்லை. வரியை அங்கே பிரித்துப் பார்த்தால்தான் அர்த்தம் தெரியும் என்பது போல நிறுத்தி, செல்வாவைப் பார்த்துச் சிரித்து, மேலே போனாள். முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "இப்ப பாணிய மாத்திட்டீங்க போல. இது நல்லாருக்கு," என்றார். நோயைப் பற்றி அவருக்குத் தெரியாது. ராணி அவருக்குச் சொல்லவும் இல்லை.

முப்பது வருடம் அவள் வாசிப்பை மணியால் குறித்தேன். அன்று மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு மூச்சுகளை எண்ணத் தொடங்கினேன். இரண்டாவது பாட்டில் எண்ணிக்கை தவறியது. அவள் மூச்செடுக்கும்போதெல்லாம் நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் எண்ணிக்கை தவறியதற்காக மகிழ்ந்த ஒரே நாள் அது.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டுதான் உண்டு. நல்லாயிருந்த நாட்களையும் எழுதி வையுங்கள். எங்களுக்கு வழி காட்டியது அவைதான். டொக்டர் பார்க்குமுன் எதையும் துடைக்காதீர்கள்.

ஸ்பிரிட் பட்ட குழலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரியில் எதுவும் வளரவில்லை. பஞ்சு லொறியோடு போய்விட்டது. என் பெட்டியில் வளர்ந்த பூஞ்சணமே காரணம் என்பது டொக்டரின் அனுமானம். நாட்கள் அதற்குப் பொருந்துகின்றன. ஆய்வுகூடத்துச் சான்று இல்லை. இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்த ராணி, "பெட்டிதான்னு எழுதிறாதீங்க. தெரியாததத் தெரியாதுன்னுதானே எழுதுவீங்க?" என்றாள். குறிப்பேட்டில், டொக்டரைப் பார்த்த அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில், 'காரணம்' என்பதற்கு எதிரே வெறுமையாக இருந்த இடத்தில் எழுதிவிட்டேன்: உறுதிப்படவில்லை.