பாட்டின் நடுவே ஒரு பெயர்

முதலமடையில் மாம்பழம் வாங்க நின்றிருந்தேன். கொட்டகைக்கு முன்னால் ஒரு லாரி. கதவு திறந்திருக்க, உள்ளிருந்து ஒரு பாட்டு. இரண்டாம் சரணத்துக்கு முன்பு, வாத்தியங்கள் மூச்சுவிடுகிற இடத்தில், பாடிக்கொண்டிருந்த பெண்குரல் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசியது. தன் பெயர், தன் எஸ்டேட், ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் வேலை. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, மறுபடி பாட்டு.

என் தங்கை.

கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவரிடம், இந்தப் பாட்டு எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"ஆரு கண்டாங்க? போனுக்குப் போன் வந்துதுங்க. ஏனுங்க, உங்களுக்கும் அனுப்பட்டுங்களா?"

"வேண்டாங்க. நான் எழுதுன பாட்டுத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் புள்ளை அது பேரைச் சொல்லுதுங்க. உங்க பேரக் காணமுங்களே?"

சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் எங்கள் மலையூரான பீர்மேட்டுக்குப் போக வேண்டும், சில வருடங்கள் பின்னால்.

சல்லடை அறையின் இயந்திர இரைச்சலுக்கு மேலே தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்று பாடிப் பாடியே தங்கைக்கு அந்தத் தொண்டை வாய்த்தது. இமையில் தேயிலைத் தூசியோடு வீட்டுக்கு வருவாள்; முகம் கழுவும்போதும் பாட்டு நிற்காது. மூடுபனியை விலகி நிற்கச் சொல்லி ஒருத்தி அதட்டுகிற பாட்டு ஒன்றை அவளுக்காக எழுதினேன். நான் உட்கார்ந்து எழுதுகிறவன் இல்லை. மேடேறும் நடையில் முதல் சரணம், இறங்கும் நடையில் இரண்டாவது.

மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம், ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த ஒருவர் அதைப் பதிவுசெய்து குறுந்தகடாக வெளியிட்டார். பாட்டின் உரிமை அவருக்கு. அவர் அனுமதியில்லாமல் யாருக்கும் நகல் தரக் கூடாது. நானும் தங்கையும் கையெழுத்துப் போட்டோம். இது விற்றால் இரண்டாவது பாட்டு உண்டு என்றார்.

விற்கவில்லை. வாரம் ஒன்று முடியுமுன் ஒரு திருட்டு இணையதளம் பாட்டை எடுத்துக்கொண்டது. எடுத்ததோடு விடவில்லை, இரண்டாம் சரணத்துக்கு முன்னால் தன் தளத்தின் பெயரை யாரோ ஒரு பெண்ணைச் சொல்லவைத்து ஒட்டியிருந்தது. கொஞ்சலான குரல், முடிவில் நீட்டி ஒரு "டாட் காம்". தங்கையின் பெயர் எங்கும் இல்லை. மலையில் எந்த ஜீப்பில் ஏறினாலும் அந்தப் பாட்டு, அந்த டாட் காம்.

கூடத்துக்காரர் கோர்ட்டுக்குப் போனார். பாடியவளும் ஒரு பராதி தர வேண்டும் என்றார். தங்கை தன் கையாலேயே புகாரை எழுதிக் கொடுத்தாள். தளம் முடக்கப்பட்டது. அன்றைக்கு எங்கள் லயத்தில், வரிசையிலுள்ள அத்தனை வீட்டுக்கும் பாயசம்.

நாலாம் நாள், செல்போன் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அதே தளம், பெயரில் ஒரே ஓர் எழுத்து கூடியிருந்தது.

"வாசலப் பூட்டிட்டாங்க மாப்ள. சன்னல் தொறந்துல்ல கெடக்கு," என்றான்.

தங்கை அதைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அவளை உசுப்பிவிட்டது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சங்க ஆண்டுவிழாவில் பக்கத்து எஸ்டேட் பெண்கள் எட்டுப் பேர் மேடையேறி அவள் பாட்டையே பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் எட்டுப் பேரும் இடுப்பில் கைவைத்து, குழைந்து, "டாட் காம்!" என்றார்கள். கூட்டம் கைதட்டியது. பாட்டில் அதுவும் ஒரு வரி என்றே அவர்கள் கற்றிருந்தார்கள்.

இறங்கி வந்தவர்களில் மூத்தவளைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, அந்த டாட் காம் எதுக்கு?"

"பாடுனவ பேரு தாயி. வெளிநாட்டுக்காரியா இருப்பா."

"நான்தாங்க்கா பாடுனேன்."

"போடி இவளே! நீ பாடுனன்னா, எஸ்டேட் மொதலாளி நான்தான்."

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே செல்போன் கடைக்குப் போனாள். பின்னாலேயே நானும்.

"அண்ணே, அந்தப் பொம்பள கொரல மட்டும் வெட்டி எடுக்க முடியுமா?"

"முடியும். அந்த எடம் ஓட்டையா நிக்குமே."

"நிக்கட்டும். அதுல நான் பேசுறேன். கடைக்கு வர்ற போனுக்கெல்லாம் அதையே ஏத்து."

நான் குறுக்கே விழுந்தேன். ஒப்பந்தத்தை மீறினால் இரண்டாவது பாட்டு போய்விடும் என்றேன். நியாயம் பேசினேன் என்று அப்போது நினைத்தேன். உண்மையில், இரண்டாவது பாட்டை எழுதி முடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, கேலிதான். "ரெண்டாவது பாட்டையும் அந்த டாட் காம்தானண்ணே பாடுவா?"

கூட்டாளி பதிவுசெய்யப் போனை அவள் பக்கம் நீட்டினான்.

தன் பெயரையும் எஸ்டேட்டையும் வேலையையும் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். முதல் முறை, ஆஸ்பத்திரிச் சீட்டுக்குப் பெயர் கொடுப்பவளைப் போல முனகினாள். இரண்டாவதில் சிரித்துவிட்டாள். மூன்றாவதில் சல்லடை அறைக் குரல் வந்தது. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது என்று கூட்டாளி இன்றும் சத்தியம் செய்கிறான்.

"ஒம் பேரையும் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அது அடக்கமில்லை. பெயரைச் சேர்க்கும் துணிச்சல் அவளுக்கு இருந்தது, எனக்கு இல்லை. இல்லாதவன் பெயர் அதில் எதற்கு? ஆனால் அந்த நிமிடம் நிமிர்ந்து நின்றதைப் போல, நான் எழுதிய எந்த வரிக்காகவும் நின்றதில்லை.

பத்து நாளில் கூடத்துக்காரர் பஸ் ஏறி வந்துவிட்டார். மழை. பீர்மேடு பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் டீயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கெட்ட மனிதர் இல்லை, நஷ்டப்பட்ட மனிதர்.

"கோர்ட்டுல உனக்காகவும்தானம்மா நின்னேன். நீயே நகல் போட்டுக் குடுத்திருக்க. ரெண்டாவது பாட்டு இனிமே கெடையாது."

"தெரிஞ்சேதான் சார் செஞ்சேன்," என்றாள்.

கீழே போகும் பஸ் வந்தது. படியில் ஏறியவர், தாங்க மாட்டாமல் திரும்பினார். தொழில்காரர் அல்லவா.

"பேரச் சொல்ற எடத்துல சுருதி சுத்தமா விட்டுப்போச்சும்மா. கவனிச்சியா?"

தங்கை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மழைக்கு மேலே கேட்கும்படி சொன்னாள்:

"அது பாட்டு இல்ல சார், எம் பேரு. அப்புடித்தான் இருக்கும்."