ஏழாம் படுக்கையில் எங்க ஊட்டு ஆளு

ஆபரேஷனுக்கு முன்னால் ஆண் நோயாளிகளுக்குத் தொப்புளிலிருந்து தொடைவரை முடி மழித்துவிடுவது என் வேலை. ஆஸ்பத்திரியில் அதற்குப் பிரிப்பரேஷன் என்று பெயர். கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆண்கள் சர்ஜரி வார்டில் பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். டாக்டருக்கும் சிஸ்டருக்கும் படிப்பு இருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்குக் கைதான்.

முன்பின் தெரியாத ஆள் முன்னால் வேட்டியை அவிழ்ப்பது எவ்வளவு பெரிய மனிதருக்கும் கஷ்டம். அதனால் திரையை இழுத்ததும் ஊர்ப் பேச்சை எடுத்துவிடுவேன். "ஏனுங்க, உங்க பக்கம் மழை எப்படிங்க?" வெளியே நாலு பேர் கூடினால் வாய் திறக்காதவன் நான். திரைக்குள் மட்டும் பேச்சு வரும். சோப்பு நுரை ஊற இரண்டு நிமிடம் வேண்டும். அதற்குள் அவர் சோளத்தைப் பற்றியோ மருமகனைப் பற்றியோ தொடங்கியிருப்பார். கூச்சம் போய்விடும்.

சோமனூரில் தறி ஓட்டுகிற ஒருவரோடு பதினாலு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறேன். அக்கம்பக்கத்தில் எங்களைக் கூட்டாளிகள் என்பார்கள். நாங்கள் திருத்தியதில்லை. ஆஸ்பத்திரியில் அந்த அளவுகூட யாருக்கும் தெரியாது. அங்கே நான் கல்யாணம் ஆகாத அண்ணன், அவ்வளவுதான்.

போன வருடம், தறியில் பாரம் தூக்கித் தூக்கி, அவருக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது. எங்கள் வார்டிலேயே சேர்த்தேன். ஏழாம் படுக்கை. மறுநாள் காலையில் பாலக்காட்டுக்காரச் சிஸ்டர் பிளேடும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்த தட்டை என்னிடம் நீட்டினாள். "அண்ணா, ஏழாம் பெட் பிரிப்பரேஷன்."

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தன் வீட்டு ஆளுக்குத் தானே பிளேடு எடுப்பதில்லை. கை நடுங்கும். தம்பி, மாமனார் என்றால் அடுத்த ஆள் போவார், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கூட்டாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. தட்டை வாங்கினேன். கிண்ணத்தில் தண்ணீர் ஆடியது. அந்தக் கையோடு அவரிடம் போக முடியாது.

"வேற ஆள அனுப்புங்க சிஸ்டர். அவரு எங்க ஊட்டு ஆளுங்க."

"அண்ணன் தம்பியா?"

"இல்லீங்க. புருசன் பொண்டாட்டி எப்படியோ, அப்படி."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. சிஸ்டர் ஏழாம் படுக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு இன்னொரு அட்டெண்டரைக் கூப்பிட்டாள். "நீங்க போய் டீ குடிங்க அண்ணா" என்றாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மத்தியானத்துக்குள் என் விஷயம் கேன்டீன்வரை போயிருந்தது.

"அப்ப இத்தன வருசமா திரைக்குள்ள நல்ல வேட்டைதானுங்களா?" என்றான் லிஃப்ட் ஓட்டுகிறவன். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டிப் பெருக்குகிற அக்காதான் சாப்பாட்டுத் தட்டில் இருந்து தலை தூக்காமல் சொன்னாள்: "நீ நாள் முச்சூடும் பொம்பளைகள ஏத்திட்டு மேலயும் கீழயும் போறியே, அதென்ன வேட்டைங்களா தம்பி?"

சிரிப்பு அவன் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் அவன் கேட்டது எனக்குள் கிடந்தது. பத்தொன்பது வருடத்தில் என் கையை நான் அப்படி நினைத்ததே இல்லை. இனி ஒவ்வொருவரும் அப்படி நினைப்பார்களோ என்று பயந்தேன்.

பயந்தது நான்கே நாளில் நடந்தது. அவினாசிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் ஆபரேஷனுக்குச் சேர்ந்திருந்தார். யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "அந்த ஆளு என்னத் தொடக்கூடாது" என்றார், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

மேட்ரன் அம்மா என்னைக் கூப்பிட்டு, எழுதி வைத்திருந்த ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தார். "உங்க நல்லதுக்குத்தாங்க. துணி ஸ்டோருக்குப் போயிருங்க. சம்பளம் அதேதான். இதுல ஒரு கையெழுத்து."

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று தொடங்கியிருந்தது.

"எனக்கு அந்த விருப்பம் இல்லீங்களேம்மா."

"அது சும்மா எழுதறதுங்க."

"வேண்டாங்கறவங்கள நான் தொடமாட்டேனுங்க. முன்னயும் தொட்டதில்ல. ஆனா வேண்டாம்னு சொல்லாதவங்க கிட்ட இருந்து என்னைய ஏனுங்க எடுக்கறீங்க? இத்தன வருசத்துல எம்மேல ஒரு புகார் இருந்தாக் காட்டுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. முதுகில் சட்டை நனைந்துவிட்டது. காகிதத்தை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

"ஒரு வாரம் பாக்கறேன்" என்றார். கடிதத்தை டிராயரில் போட்டார், கிழிக்கவில்லை.

தோப்புக்காரருக்குப் புதிதாகச் சேர்ந்த அட்டெண்டர் போனான். நுரை ஊறும்வரை பொறுக்கவில்லை, தோலை இழுத்துப் பிடிக்கவும் இல்லை. இடுப்புக்குக் கீழே இரண்டு இடத்தில் வெட்டு. வெட்டுப்பட்ட தோலில் ஆபரேஷன் செய்தால் சீழ் பிடிக்கும் என்று சர்ஜன் சத்தம் போட்டுவிட்டு, நாலு நாள் தள்ளிப் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. வெட்டுப்பட்டது என் வார்டு நோயாளி.

அந்த நாலு நாளில் மூன்று பேருக்கு நான் பிரிப்பரேஷன் செய்தேன். ஒரு லாரி டிரைவருக்கு என் விஷயம் தெரிந்திருந்தது. "எனக்குப் பித்தப்பையில கல்லுங்க. உங்க கதையக் கேக்க எனக்கேது நேரம்? சட்டுனு முடிங்க" என்றார்.

ஐந்தாம் நாள் காலையில் தோப்புக்காரரின் மச்சான் வந்து என்னைக் கூப்பிட்டார். "வாங்க. நானும் உள்ளயே நிப்பேன்."

"தாராளமா நில்லுங்க."

தோப்புக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார். "செய்யட்டுங்களா?" என்று கேட்டேன். ம் என்றார். நுரை போட்டேன். வழக்கம் போலக் கேட்டேன்.

"தென்னைக்குத் தண்ணி பத்துதுங்களா?"

இரண்டு நிமிடம் நுரை ஊறியது. பிளேடை எடுத்தேன். தோலை இழுத்துப் பிடித்து மெதுவாக மழித்தேன். பாதி முடிந்தபோது சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "தண்ணி இருக்குது. வெள்ளை ஈதான் உசுர வாங்குது."

"மருந்து அடிச்சீங்களா?"

"அடிச்சும் போகல."

"இவரு எங்க அடிச்சாரு? நாந்தான் அடிச்சேன்" என்றார் மச்சான். கட்டிய கையை அவிழ்த்திருந்தார்.

துடைத்து வேட்டியைப் போர்த்திவிட்டேன். தோப்புக்காரர் அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு எந்திரிச்சு நடக்க வைக்க ஆரு வருவாங்க?"

"நாளைக்கு எனக்குத்தான் டூட்டிங்க. வேண்டாம்னாச் சொல்லிருங்க."

அவர் வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். "புதுசா வந்த அந்தப் பையன் மட்டும் வேண்டாம்."

வாரம் முடிந்து அடுத்த மாதத்து டூட்டிப் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயரைத் தேடி, அதற்கு நேரே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆண்கள் சர்ஜரி வார்டு. சரியாகத்தான் படித்தேனா என்று இன்னொரு தடவையும் படித்தேன். கடிதம் அந்த டிராயரில் இன்னும் இருக்கலாம். இருக்கட்டும்.

தட்டில் புது பிளேடு வைத்துக்கொண்டு, காத்திருந்த நோயாளியிடம் போனேன்.