சத்தம் நின்ற மதியம்

போன வருடம் ஐப்பசி மாதம், பெரம்பலூரில் எங்கள் தெருவில் நடந்தது இது. என் வீட்டுக்கும் பக்கத்து மது பாருக்கும் நடுவில் ஒரு சந்துதான். மூன்றே அடி, அளந்திருக்கிறேன்.

அப்போது என் மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. இரவெல்லாம் வலியில் விழித்துக் கிடப்பாள். மதியம் மாத்திரை போட்டால்தான் கொஞ்சம் கண் அசருவாள். பார் திறப்பதோ பன்னிரண்டு மணிக்கு. ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தால் எங்கள் ஜன்னல் கண்ணாடியும் கூடவே அதிரும். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு மதியத்தில் அவள் எத்தனை தடவை திடுக்கிட்டு விழிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஏழுக்குக் குறைந்ததில்லை.

பாட்டை விட மோசம் அங்கே முட்டை போடும் மாஸ்டரின் குரல். "ரெண்டு கலக்கி, ஒரு ஆஃப்பாயில் ரெடீ..." என்று அவர் இழுத்தால் தெருமுனை வரை கேட்கும். காவல் நிலையத்தில் சொன்னேன். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைகளில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். ஒரு நாள் சத்தம் குறையும், மறுநாள் பழையபடி. ஒருமுறை நேராகவே போய் பார் சூப்பர்வைசரிடம், "பாட்டைக்கூட குறைச்சுடலாம். உங்க மாஸ்டர் எப்பதான் வாயை மூடுவாரு?" என்று கேட்டுவிட்டேன்.

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "வாய மூடினா யாவாரம் படுத்துடும் சார்! ஏய், சார் வூட்டுக்கு ஒரு கலக்கி பார்சல் கட்டுப்பா!"

குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து புலம்பினேன். மனைவி, "ஏங்க, அவராவது பன்னண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கிறாரு. நீங்க விடிஞ்சதுமே ஆரம்பிச்சுடுறீங்க" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை. பன்னிரண்டு அடித்தது, பாட்டு இல்லை. பன்னிரண்டரை, ஒன்று, அப்போதும் இல்லை. மாஸ்டரின் குரலும் இல்லை. மனைவி அசையாமல் தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வருகிறதா என்றுகூட குனிந்து பார்த்தேன். அத்தனை மாதங்களில் அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. என் மனுவுக்குத்தான் பலன் கிடைத்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். எதிர் வீட்டுப் பெண்ணை அவளுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, கடைத்தெருவுக்குப் போய் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன். சண்டை போட்டவனே நன்றியும் சொல்ல வேண்டும் அல்லவா?

சூப்பர்வைசர் பார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே நாலைந்து பேர் பேசாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உற்சாகமாக, "என்ன தம்பி, காரியம் முடிஞ்சிடுச்சு போல?" என்றேன். மனு கொடுத்த காரியத்தை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார். "எங்க சார் முடிஞ்சுது? காரியம் பதினாறாம் நாளுதான். நாலு மணிக்குத்தான் எடுக்கவே போறாங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது.

"நேத்து ராத்திரி மாஸ்டரு வூட்டுக்குப் போயி சாப்புட உக்காந்தாராம். நெஞ்ச புடிச்சுக்கிட்டு சாஞ்சுட்டாரு. குன்னத்துக்கிட்டதான் ஊரு. பொண்ணு பன்னண்டாவது படிக்குது. நீங்க விசாரிக்க வந்ததே பெரிய விஷயம் சார். மாஸ்டரு உங்கள அடிக்கடி சொல்லுவாரு. 'என் குரல காது குடுத்துக் கேக்குறது இந்தத் தெருவுலயே சார் ஒருத்தர்தான்'னு சிரிப்பாரு."

இனிப்புப் பையை வேட்டி மடிப்போடு சேர்த்து முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன். மாலையும் கையுமாக பைக்கில் ஏறிய ஒருவர், "வரீங்களா சார்? பின்னாடி இடம் இருக்கு" என்றார். மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். உண்மைதான். ஆனால் அதைச் சொன்ன வாய் எனக்கே கசந்தது. பார் வாசலில் நின்றவர்கள், துக்கம் கேட்க வந்த பெரிய மனிதருக்கு வழி விடுவது போல ஒதுங்கி நின்றார்கள்.

மூன்று மணிக்கு மனைவி விழித்தாள். முகம் தெளிந்திருந்தது. "நல்லா தூங்கிட்டேங்க. என்ன, மாஸ்டர் இன்னிக்கு லீவா?" என்றாள்.

"ஆமா, லீவு" என்றேன். அவளுக்கு விஷயம் தெரிய இரண்டு நாள் ஆனது. தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு திரும்ப வந்தது. வேறு ஒருவர் அடுப்படிக்கு வந்தார். அவர் குரல் எங்களுக்குக் கேட்பதே இல்லை. அவளுக்குத் தூக்கம் வேண்டுமே, அதனால் பாட்டைக் குறைக்கச் சொல்லி இன்றும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நான் வாங்கித் தந்ததாக நினைத்துப் பெருமைப்பட்ட அந்தத் தூக்கத்தின் நேரம் முழுவதும், குன்னம் பக்கத்தில் ஒரு பெண்ணும் மகளும் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். இப்போதெல்லாம் எங்கேயாவது ஒரு சத்தம் சட்டென்று நின்றால், அப்பாடா என்று இருக்க முடியவில்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் மனம் பதறுகிறது.